திருப்பியனுப்பிய ஒரே மனு

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது.

நாங்கள் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நலமா என்று கேட்டால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு அத்தோடு கடமை முடிந்தது என்று இருக்கிறவன் நீ. நாங்கள் நலம் என்று எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு, அது போகப் போக வரும், பதறாதே, யாருக்கும் காய்ச்சல்கூட இல்லை. இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பாய். தொலைபேசியில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியில் பிடுங்கி அவர் பாணியில் முடித்துவைப்பார், உனக்கும் அங்கே சரியாக அந்த நேரத்தில் பேருந்து வந்துவிடும். இந்த விஷயத்தை முதலிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாகப் பல்கலைக்கழகத்தின் தபால் பிரிவில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் எழுதியதை வாங்கி எண் போட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு தடவை நானும் எழுதிப் பார்க்கிறேனே.

இங்கே உயர்கல்விச் சீர்திருத்தம் வந்திருப்பது உனக்குத் தெரியும். நூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை. நீ ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் முன்மாதிரி என்று பதினேழு இடங்களில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். அங்கே எல்லாம் எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு உயரம் என்று படிக்கப் படிக்க, அதற்கு முந்தின வாரம் நீ உன் ஆய்வுக்கூடத்தில் மூன்று மாதமாக மேல்கூரை ஒழுகுகிறது என்று சொன்னது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். சீர்திருத்தத்தின் சாரம் இதுதான். நாற்பது மாணவர்களுக்குக் குறைவாக உள்ள துறைகளை மூடிப் பக்கத்துத் துறைகளோடு சேர்த்துவிட்டு, சேர்த்ததற்கு நீளமாக ஒரு பெயர் வைப்பது. உன் தங்கையின் நிலவியல் துறையில் மொத்தமே பதினொரு பேர். கல் மட்டும் நாலாயிரத்துக்குக் குறையாமல் இருக்கிறது, ஆனால் கல்லையெல்லாம் வருகைப் பதிவில் சேர்க்க முடியாதாம். ஆகவே துறை போய் ஒருங்கிணைந்த புவி அறிவியல் பள்ளி வருகிறது. ஆய்வுக்கூடத்தின் இடத்தில் புதுமைக் கூடம் வருகிறது, அது என்ன என்று யாருக்கும் தெரியவில்லை, புதுமை என்றால் அப்படித்தானே இருக்கும். களப்பணிக்கு வெளியூர் போக வேண்டாம், மலையைக் கணினித் திரையிலேயே சுற்றிக் காட்டுவார்கள். அதற்கு உன் தங்கை சொன்னாள், “பாறையைச் சுத்தியலால தட்டினாத்தான்மா அது தான் யாருன்னு சொல்லும். மவுஸால தட்டினா என்ன சொல்லும்?” வீட்டில் கட்டிலுக்கு அடியில் எண் ஒட்டிய கற்களாக அடுக்கிவைத்திருக்கிறாள், பெருக்கும்போது காலில் இடித்துக்கொண்டு நான்தான் அவற்றிடம் நான் யார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதல் ஒரு வாரம் வாசலில் கோஷம். நானூறு பேர், சில நாள் ஐந்நூறு. கோஷம் ஒன்று நல்ல மெட்டில் அமைந்துவிட்டதால் வாசல் காவலாளியே அதை வேலை நேரத்தில் முணுமுணுக்க ஆரம்பித்து மெமோ வாங்கினார். எதிரே போலீஸ் வண்டி நின்றது, அதில் உட்கார்ந்திருந்தவர்கள் தம் பிள்ளைகளுக்கு எந்தப் படிப்பில் இடம் கிடைக்கும் என்று போராடுகிறவர்களிடமே விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கோஷம் போடுகிறவர்களில் பாதிப் பேர் முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். உன் தங்கை கட்டவில்லை. கேட்டால், “மூச்சு முட்டுதும்மா” என்றாள், ஏதோ அது ஒன்றுதான் காரணம் மாதிரி. அலுவலக ஜன்னலிலிருந்து நான் அவளைப் பார்ப்பேன், அவள் என்னைப் பார்க்காத மாதிரி இருப்பாள். மாலையில் வீட்டில் அவளுக்குத் தொண்டைக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். காலையில் அந்தத் தொண்டை மறுபடி என் அலுவலகத்தைப் பார்த்துக் கத்தும்.

இனிமேல்தான் என் பங்கு வருகிறது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், ஆட்சேபங்களைப் பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் தரலாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் தரப்படும் என்று ஒரு பத்தி இருந்தது. எல்லா அறிக்கையிலும் இருக்கும், ஒரு நாற்பது மனு வரும், நாற்பதுக்கும் பதில் போகும். ஒருநாள் சாப்பிடும்போது உன் அப்பா அவர் கடைக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வந்த யாரோ போராட்டத்தைப் பற்றிச் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அலுவலகத் தோரணையில், “வாசல்ல நானூறு பேர் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தரும் பதில் சொல்ல வேண்டாம். என் ஜன்னல் வழியா ஒரே ஒரு தாள் உள்ளே வந்துச்சுன்னா துணைவேந்தரே பதில் சொல்லியாகணும்” என்றேன். ஒரு பெருமைக்குச் சொன்னேன். என் வேலையைப் பற்றி இந்த வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அத்தனை அதிகம் இல்லை. உன் அப்பா சிரித்தார். உன் தங்கை கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

அடுத்த நாளுக்கு அடுத்த நாள் காலை பத்து மணிக்கு மூன்றாம் எண் ஜன்னலைத் திறக்கிறேன், எதிரே வரிசை. நடைபாதை முழுக்க, மாடிப்படியைச் சுற்றி, சைக்கிள் நிறுத்துமிடம் வரைக்கும். கோஷம் இல்லை, சத்தம் இல்லை, நூலகத்தில்கூட இவர்கள் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒரே மனுவை நகல் எடுத்துக் கொடுத்தால் எத்தனை இருந்தாலும் ஒன்றாகத்தான் கணக்கு, அதனால் ஒவ்வொருவரும் அவரவர் கையால் வேறு வேறாக எழுதியிருந்தார்கள். அதையும் வீட்டில் நான்தான் எப்போதோ சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. பெயர், சேர்க்கை எண், துறை, முகவரி, பெற்றோர் தொலைபேசி எண், எல்லாவற்றையும் உள்வரவுப் பதிவேட்டில் நான் கையால் எழுத வேண்டும், எழுதி எண் போட்டு, முத்திரை குத்தி, ஒப்புகைச் சீட்டு கிழித்துத் தர வேண்டும். உலகத்தில் எந்தத் தாயும் தன் பெண்ணுக்குப் போராட்டம் நடத்த வழி சொல்லிக் கொடுத்துவிட்டு அந்தப் போராட்டத்தைத் தன் தோள்பட்டையில் வாங்கியிருக்க மாட்டாள். நாலாம் நாள் வலது கையைத் தூக்க முடியவில்லை. அவளே வந்து தைலம் தேய்த்துவிட்டாள், “இன்னிக்கு எத்தனைம்மா?” என்று கேட்டுக்கொண்டே.

எழுதும்போது படிக்கவும் செய்வேன், படிக்கக் கூடாது என்று விதி இல்லை. நீளமாக எழுதியவர்கள் உண்டு. இதுதான் சமயம் என்று விடுதிக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லாததையும் சேர்த்துச் சீர்திருத்தச் சொன்னவர்கள் உண்டு. கணிதம் படிக்கும் ஒரு பெண், “என் துறையில் இருநூறு பேர் இருக்கிறோம். எனக்கு ஒரு பாதிப்பும் இல்லை. இருந்தாலும் ஆட்சேபிக்கிறேன்” என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், பின்னால் நின்றவர்கள் செருமினார்கள். ஒருத்தன் தன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் அப்பா பெயரை எழுதியிருந்தான், நானே திருத்திக்கொண்டேன். இன்னொருத்தி தேதியைப் போன வருஷத்துக்குப் போட்டிருந்தாள், அதையும் சரிசெய்தேன். இப்படி எத்தனையோ. நான் இவ்வளவு தாராளமானவள் என்று எனக்கே அந்த நாட்களில்தான் தெரிந்தது.

கடைசி நாள் நாலு மணி பத்து நிமிஷத்துக்கு ஜன்னலில் உன் தங்கை வந்து நின்றாள். எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியில் வந்திருக்கிறாள். “வணக்கம் மேடம்” என்றாள். நானும், “கொடுங்க” என்றேன். மனுவைப் பார்த்தேன். துறை என்ற இடத்தில் நிலவியல் துறை என்று எழுதியிருந்தாள். எங்கள் துணைப் பதிவாளரின் சுற்றறிக்கைப்படி கணினிப் பட்டியலில் இல்லாத துறையின் பெயரோடு மனு வந்தால் திருப்ப வேண்டும். ஆட்சேபம் சொல்லப் பதினைந்து நாள் கொடுத்தார்களே தவிர, பட்டியலை இரண்டாம் நாளே மாற்றிவிட்டார்கள், அதில் நிலவியல் என்று ஒன்று கிடையாது. அவள் துறையில் மற்ற பத்துப் பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு புதுப்பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். “இந்தத் துறை பட்டியல்ல இல்லையே” என்றேன். “துறை ரெண்டாம் மாடியில இருக்கு மேடம். பட்டியல்ல இல்லைன்னா பட்டியலைத்தான் மாடிக்கு அனுப்பணும்” என்றாள். வரிசையில் சிரித்தார்கள். துணைப் பதிவாளர் அவருடைய அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், இவள் என் பெண் என்பது அவருக்கும் தெரியும், வரிசைக்கும் தெரியும், அந்த நடைபாதையில் இருந்த மின்விசிறிக்கும் தெரியும். “மாத்தி எழுதிக் குடுங்க, அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு” என்றேன். “அந்தப் பேரை என் கையாலயே எழுதிட்டா அப்புறம் எதுக்கு மேடம் ஆட்சேபம்?” என்றாள். நான் சிவப்பு மையில் ‘குறைகளுக்காகத் திருப்பப்பட்டது’ முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். “நன்றி மேடம்” என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள், திரும்பி வரவில்லை. அன்று மாலை வீட்டில் இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டதைப் பார்த்து உன் அப்பா, “ஆபீஸை வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டீங்களா ரெண்டு பேரும், உட்காரச் சொல்லி ஒரு தட்டு வைக்கட்டுமா?” என்றார்.

எனக்கு அன்று மனசு நிறைவாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பெற்ற பெண் என்றும் பார்க்கவில்லை, விதி விதிதான் என்று மற்றவர்கள் சொல்வார்கள் என்ற நிறைவு. சொல்லவும் சொன்னார்கள். எங்கள் தட்டச்சர் தண்ணீர் குடிக்கப் போகும் வழியில் நின்று, “நீங்க நெருப்பு மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு மனுக்களுக்கு எண் போட்டேன், திருப்பியனுப்பியது அந்த ஒன்றைத்தான். மற்றவர்கள் பிள்ளைகளுடைய தப்பையெல்லாம் என் பேனாவால் திருத்திவிட்டு, என் பிள்ளை சரியாக எழுதியதை மட்டும் தப்பு என்று திருப்பினேன். அதற்குப் பெயர் நேர்மை என்று நினைத்துக்கொண்டு அன்று நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

ஒரு வாரம் கழித்துத் துணைப் பதிவாளர் உள்வரவுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பதில் எழுதத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். பதிலும் போயிற்று, தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது என்று ஒரே ஒரு வரி, ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பேருக்கும் தனித்தனியாக. கூடவே இன்னொரு தாளும் போயிற்று. அனுமதியின்றி அலுவலகக் கட்டடத்தில் கூட்டமாகக் கூடி நிர்வாகத்துக்கு இடையூறு செய்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்கும் நோட்டீஸ். வரிசையில் நின்றதுதான் கூட்டம். மனு கொடுத்ததுதான் சாட்சி. வாசலில் துணி கட்டிக்கொண்டு கத்தியவர்கள் யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது, அவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஒழுங்காக வரிசையில் நின்று, பெயரும் முகவரியும் எழுதி, ஒப்புகைச் சீட்டை மடித்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு போனவர்கள் அத்தனை பேரும் மாட்டிக்கொண்டார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம், இல்லையென்றால் விசாரணை, அதற்குமேல் இந்தப் பருவத் தேர்வு எழுத முடியாது, ஒரு வருஷம் போகும். துணைப் பதிவாளர் கெட்டவர் இல்லை, குரலை உயர்த்திப் பேசியே நான் கேட்டதில்லை, பதிவேட்டைத் திருப்பித் தரும்போது, “உங்க கையெழுத்து இருக்கே மேடம், அச்சடிச்ச மாதிரி. ஒரு பேர்ல, ஒரு நம்பர்ல சந்தேகம் வரலை. ரெண்டே நாள்ல முடிச்சிட்டோம்” என்று மனசாரப் பாராட்டினார். இருபத்திரண்டு வருஷத்தில் என் கையெழுத்தை யாரும் பாராட்டியதில்லை. அந்தப் பாராட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் பதிவேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதில் நோட்டீஸ் வராத ஒரே ஆள் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. யார் இதையெல்லாம் ஆரம்பித்தாளோ, யார் ஒவ்வொரு வகுப்பாகப் போய், “கத்த வேண்டாம், எழுதுங்க” என்று சொன்னாளோ, அவள் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. அம்மா தபால் பிரிவில் இருக்கிறாள், அம்மா நாலு மணிக்கு மனுவைத் திருப்பிவிட்டாள், ஐந்து மணிக்கு ஜன்னலை மூடிவிட்டாள். கூட்டிப் பார்த்தால் விடை ஒன்றுதானே வரும். நான் நெருப்பாக இருந்ததை எல்லாரும் நாடகம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வரிசையில் நானும் நின்றிருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். நெட்டை என்று வீட்டுக்கு வருவாளே, உன் தங்கையின் சிநேகிதி, நீ ஊருக்கு வந்தபோதுகூட ஒட்டடை அடிக்க அவளைத்தான் கூப்பிட்டோம், அவள் உணவகத்தில் எல்லார் முன்னாலும், “எங்களையெல்லாம் எழுதி வச்சிட்டு உங்கம்மா உன்னை மட்டும் அழிச்சிட்டாங்க, நல்லா இருக்குடி உங்க குடும்பத் திட்டம்” என்று சொல்லியிருக்கிறாள். மேஜையில் இருந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார்கள். உன் தங்கை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, “என்னைக் காப்பாத்திட்டியாமேம்மா, தேங்க்ஸ்” என்றாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் அவளே துணைப் பதிவாளரிடம் போய்த் தனக்கும் நோட்டீஸ் தரும்படி கேட்டிருக்கிறாள். அவர், “நீங்க மனு கொடுத்ததா ஆவணமே இல்லையேம்மா. ஆவணம் இல்லாம யாரையும் தண்டிக்க முடியாது, இங்க எல்லாம் சட்டப்படிதான் நடக்கும்” என்று உட்காரவைத்து விளக்கியிருக்கிறார். உன் அப்பாவுக்கு ஒரே நிம்மதி. கடையில் கண்ணாடி வில்லையைத் துடைத்துக்கொண்டே பாட்டு முணுமுணுக்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லிச் சிரித்தார். நீயும் அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தாய், அவள் போனை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனபோது திரையில் வந்தது, கண்ணில் பட்டுவிட்டது, மன்னித்துக்கொள். “லக்கிடீ நீ, வாயை மூடிக்கிட்டு எக்ஸாமை எழுது” என்று எழுதியிருந்தாய். உன்னைக் கோபிக்கவில்லை. நீ இங்கே படித்தபோது விடுதிக்காக ஒரு போராட்டம் நடந்ததே, ஊரே வெளியில் நிற்க நீ நூலகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாய். நான் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வந்து கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினேன். நீ அங்கே போனதற்கு அந்தப் படிப்பும் காரணம்தான். ஆனால் அந்த நிம்மதியை இப்போது எடுத்துப் பார்க்கிறேன், அப்போது தெரிந்த அளவுக்கு நன்றாக இல்லை. இது உன்னைச் சொன்னது இல்லை, என்னைச் சொன்னது.

எங்கள் பிரிவில் உள்வரவுப் பதிவேட்டைத் தவிர ஒல்லியாக இன்னொரு பதிவேடு உண்டு. திருப்பியனுப்பிய மனுக்களை எழுதிவைக்க. யாரும் கேட்பதில்லை, பாதி வருஷம் அது பிரிவில் ஆடும் மேஜைக்கால் ஒன்றுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும். ஆனால் விதிப்படி அன்றைக்கு நான் அதில் எழுதியிருந்தேன். பெயர், சேர்க்கை எண், நேரம் நாலு மணி பத்து நிமிஷம், காரணம், என் கையெழுத்து. உன் தங்கை வரிசையில் நின்றாள், மனு கொடுத்தாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே ஆவணம் அதுதான். அது இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பது நாள் அதை வைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் கொடுக்கலாம், கேட்கவில்லையே என்று காலையில் சொல்லிக்கொள்வேன். மாலையில் பேருந்தில் வரும்போது அந்தச் சொல் அவ்வளவு சரியாக நிற்காது. ஒரு வருஷம் போனால் அவளுக்கு மேற்படிப்புக்குக் கிடைத்திருக்கிற இடமும் போய்விடும், பதினொரு பேரில் அவளுக்குத்தான் கிடைத்திருக்கிறது. அதை நான் என் கையால் தூக்கிக் கொடுப்பதா? மற்ற ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பேர் வீட்டிலும் ஒரு அம்மா இருக்கிறாள், அவர்கள் பிள்ளைகள் பெயரை நான் எழுதும்போது யாரையும் கேட்கவில்லையே என்று இன்னொரு பக்கம். பத்தாம் நாள் காலை அவள் சமையலறையில் நின்று தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள், நான் பதிவேட்டைப் பற்றிச் சொல்லி, “கொடுக்கவா?” என்று கேட்டேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு, “இதைக் கேக்க உனக்கு இத்தனை நாள் ஆச்சா?” என்றாள். பிறகு, “உனக்குப் பயமா இருக்காம்மா?” என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். “எனக்கும்தான். கொடுத்திடு” என்றாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். துணைப் பதிவாளர், “நான் இதைக் கேக்கலையே மேடம்” என்றார். “உள்வரவு எல்லாத்தையும் கேட்டீங்க சார், இதுவும் உள்ளே வந்ததுதான், நான்தான் வெளியே அனுப்பிட்டேன்” என்றேன். பிரித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், உன் அப்பா போட்டுக் கொடுத்த கண்ணாடி. “வீட்டுல ஏதாவது பிரச்சினையா?” என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். “தாய்மார்கள் பேரை எடுக்கச் சொல்லித்தான் என்கிட்ட வருவாங்க. நேத்து மட்டும் பதினாலு பேர் வந்தாங்க” என்றார். நான் அதற்குள் ஒரு குறிப்பும் எழுதிக் கொண்டுபோயிருந்தேன், இந்த மாணவியின் மனுவைத் திருப்பியது முறையல்ல, மற்றவர்களின் குறைகளைத் திருத்திக்கொண்ட நான் இவருடையதைத் திருத்தாமல் விட்டேன், இவரையும் மற்றவர்களைப் போலவே கருத வேண்டும் என்று. அதற்கு உள்வரவு எண்ணும் போட்டிருந்தேன், ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று. எண் போட்டுவிட்டால் பதில் சொல்லியாக வேண்டுமே. உன் அப்பாவிடம் அன்று மாலை சொன்னேன். “ஊர்ல இருக்கிற அம்மாவெல்லாம் பிள்ளையை மீட்கப் பார்க்கிறாங்க, நீ ரிஜிஸ்டர் போட்டு மாட்டி விடுறியா?” என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. அவரே பிரித்துப் படித்தார். துறை என்ற இடத்தில் யார் தட்டச்சு செய்தார்களோ தெரியவில்லை, ஒல்லிப் பதிவேட்டில் காரணமாக நான் எழுதியிருந்ததைப் பார்த்து அடித்திருப்பார்கள் போலிருக்கிறது, நிலவியல் துறை என்றே இருந்தது. அதை அவளிடம் காட்டி, “பாரு, தண்டிக்கறதுக்காவது உன் துறையை ஒத்துக்கிட்டாங்க” என்றார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார், அதோடு என்னோடும் பேச ஆரம்பித்தார்.

நோட்டீஸின் அடியில் இரண்டு கட்டம். மன்னிப்புக் கோருகிறேன் என்று ஒன்று, விசாரணைக்கு ஆஜராகிறேன் என்று ஒன்று. கீழே பெற்றோர் கையெழுத்து. அவள் இரண்டாவதில் குறி போட்டு என்னிடம் நீட்டினாள், நான் போட்டேன், உன் அப்பா கேட்காமலே பக்கத்தில் அவரும் ஒன்று போட்டார், ஒரு கையெழுத்துக்குத்தான் இடம் இருந்தது, அவருடையது கோட்டுக்கு வெளியே போய்விட்டது. ஆயிரத்துக்குமேல் நோட்டீஸ் போனதில் தொள்ளாயிரம் பேர் மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டார்கள், அந்தக் கடிதங்களும் என் ஜன்னலுக்குத்தான் வருகின்றன, அவற்றுக்கும் எண் போட்டுக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை நெட்டை வந்து கொடுத்தாள், தலையைத் தூக்கவில்லை. நான் எண் போட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். வீட்டில் சொன்னபோது உன் தங்கை, “அவ அப்பாவுக்கு உடம்பு சரியில்லைம்மா, ஒரு வருஷம் தள்ளிப்போச்சுன்னா அவங்க வீடு தாங்காது” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இந்தப் பெண் எப்போது இவ்வளவு வளர்ந்தாள் என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது.

இவளுக்கு வரும் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. எனக்கு இரண்டு அழைப்பு. ஒன்று அலுவலகத்திலிருந்து, இரண்டு பதிவேடுகளையும் கொண்டுவந்து பதிவுகள் என் கையெழுத்துதான் என்று குழுவின் முன் உறுதி செய்ய. இன்னொன்று வீட்டு முகவரிக்கு, மாணவியின் பெற்றோர் என்ற முறையில். துணைப் பதிவாளரிடம், “நான் எந்தப் பக்கம் உட்காரணும் சார்?” என்று கேட்டேன். அவர் அலுவலக நடைமுறைப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “இதுக்கு விதி இல்லை மேடம், நீங்களே பார்த்து உட்காருங்க” என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த அலுவலகம் என்னை நானே பார்த்துச் செய்யச் சொன்னது இதுதான் முதல் தடவை. பார்த்துவிட்டேன். பதிவேடுகளை மேஜையில் வைப்பேன், ஆமாம் என் கையெழுத்துதான் என்பேன், இந்த ஒரு மனுவைத் திருப்பியது என் தவறு என்றும் சொல்வேன். அதை யாரும் கேட்க மாட்டார்கள், கேட்காததைச் சொல்லக் கூடாது என்றும் எங்கும் எழுதியிருக்கவில்லை, தேடிப் பார்த்தேன். பிறகு மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்காருவேன். துறை பிழைக்காது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். வருஷம் பிழைக்குமா என்பதை மூன்று பேர் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அந்த நேரத்தில் அவள் ஜன்னலுக்கு அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் இப்போது என் கவலை.

நீ எங்கே இருந்தாலும் உனக்கு எல்லா நன்மையும் வந்து சேரட்டும், உடம்பைப் பார்த்துக்கொள், எடுத்த வேலை நல்லபடியாக முடியட்டும். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. வியாழக்கிழமை காலையில் அவளைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லாதே. மதியத்துக்குமேல் கூப்பிடு. என்ன ஆயிற்று என்று எடுத்தவுடனே கேட்காதே, சாப்பிட்டாயா என்று கேள், மற்றதை அவளே சொல்லுவாள்.

உனக்கும் அவளுக்கும்
அம்மா